ஏரிக்குள் போன சாவி

காணும் பொங்கல் காலை. சேலையூர் ஏரிக்கரையில் அரை டவுசரோடு நின்றுகொண்டு, டவுசர் நாடாவில் சாவிக்கொத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குளிரில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீரின் மேல் பனி இன்னும் கலையவில்லை. கரையெங்கும் ஆட்கள். யாரோ தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்திருந்தார்கள்.

பக்கத்தில் என் மனைவி எஸ்தர். எங்களுக்குத் தலைப் பொங்கல் அது. தோளில் துண்டு, ஒரு கையில் என் சட்டை, மறு கை என் சைக்கிளின் ஹேண்டில்பாரில்.

"சாவிய எங்கிட்ட குடுங்க" என்றாள்.

"வேணாம்."

"நான் இங்கதான நிக்கப் போறேன். சைக்கிள் பக்கத்துலயே."

"கூட்டத்துல எங்கயாவது உட்டுடுவ."

"நீங்க ஏரியில உட்டா?"

நாடாவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. பின்சக்கரத்துப் பூட்டையும் அசைத்துப் பார்த்தேன். அதுவும் பூட்டியிருந்தது. வீட்டைப் பூட்டினேனா என்று ஒரு யோசனை வந்தது.

"பூட்டினீங்க" என்றாள் எஸ்தர், நான் கேட்பதற்கு முன்பே. "மூணு தபா இழுத்துப் பாத்தீங்க. பக்கத்து வூட்டு கமலாக்கா சிரிச்சாங்க."

கொத்தில் மூன்று சாவிகள்: சைக்கிளுடையது, வீட்டுடையது, ரொட்டிப் பெட்டியுடையது. என் வாழ்க்கையில் பூட்டும்படியாக இருந்தவை அவ்வளவுதான்.

ரொட்டிக்காரர்

ரொட்டிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்போது தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்காக நான் சைக்கிளில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். கேரியரில் பச்சை பெயிண்ட் அடித்த தகரப்பெட்டி. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கல்லூரிப் பக்கத்து வாத்தியார் வீடுகள், ரயில்வே குடியிருப்பு, முடிச்சூர் ரோடு என்று எல்லா இடத்திலும் மணியடித்துக்கொண்டு போவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ரொட்டிக்காரரே" என்பார்கள், அவ்வளவுதான்.

பன்னையும் பிஸ்கட்டையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி நூல் சுற்றி முடிச்சுப் போடுவோம். அதில் எங்கள் பேக்கரிக்கென்று ஒரு முறை உண்டு. நூலின் ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பொட்டலம் வாங்கியவர்கள் கத்தியைத் தேடி அலையக் கூடாது என்று முதலாளி எங்களுக்குப் பழக்கியது. பார்வைக்கு இறுக்கமாக இருக்கும். எத்தனை ஆயிரம் பொட்டலம் கட்டியிருப்பேனோ, தூக்கத்தில் நூலைக் கொடுத்தாலும் என் கை அதே முடிச்சைத்தான் போடும்.

சைக்கிள் பேக்கரியுடையது. பந்தயத்துக்காகப் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொள்ள முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். "சைக்கிள் போச்சுன்னா ஏரியிலயே இருந்துடு, கரைக்கு வராத" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மூன்று நாள் தூக்கம் போனது. மனைவி பிடித்துக்கொண்டு நிற்கும் சைக்கிளுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றும் ஒன்றாக

இப்போது இதற்கு டிரையத்லான் என்று பெயர். என் பேத்தி செல்போனில் காட்டினாள். ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு கடலில் குதிக்கிறார்கள், காகிதம் மாதிரி எடை இல்லாத சைக்கிளில் பறக்கிறார்கள், பிறகு ஓடுகிறார்கள். "நாங்ககூட செஞ்சிருக்கோம்" என்றேன். அவள் நம்பவில்லை.

எங்கள் காலத்தில் அதற்குப் பெயரே கிடையாது. தண்ணி, சைக்கிள், ஓட்டம் என்றுதான் சொல்வோம். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்த பி.டி. மாஸ்டர் ஏற்படுத்தியது. மெலிந்த மனிதர், விசில் தொங்காமல் அவர் கழுத்தை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் வாலிபர் சங்கத்தில் வந்து ஒருநாள் சொன்னார்:

"நீச்சல் வெச்சா ஒரு பையன், சைக்கிள் வெச்சா ஒரு பையன், ஓட்டம் வெச்சா ஒரு பையன். அந்த மூணு பேரே வருஷா வருஷம் கப்பு எடுத்துட்டுப் போறான். எல்லாத்துலயும் சுமாரா இருக்கறவன் எங்க போவான்? மூணையும் ஒண்ணா கட்டிடுவோம்."

ஏரி நடுவில் மூங்கில் நட்டு சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். அதைச் சுற்றி நீந்தி வந்து அதே கரையில் ஏறவேண்டும். அங்கிருந்து சைக்கிளில் கேம்ப் ரோடு, ரயில்வே கேட், பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பி மேற்குத் தாம்பரத்துப் பள்ளி மைதானம். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு முடிச்சூர் ரோட்டுப் பக்கம் ஓடி, மறுபடி மைதானத்துக்கே வந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டவேண்டும்.

மாஸ்டரின் சட்டம் ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அவன் வீட்டாள் ஒருவர் கரையில் நிற்கவேண்டும். கரையாள் என்று பெயர். கரையாள் இல்லாதவனை இறங்க விடமாட்டார். இன்னொன்றும் உண்டு: தன் ஆள் தண்ணீரில் இருக்கும் வரை கரையாள் உட்காரக் கூடாது.

"உக்காந்தா பேச்சு வந்துடும். பேச்சு வந்தா கண்ணு போயிடும்" என்பார்.

அதனால் அன்று கரை நெடுக அம்மாக்களும் அக்காக்களும் மனைவிமார்களும் ஆளுக்கொரு துண்டோடு வரிசையாக நின்றார்கள். கால் வலிக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை.

பாதி

எனக்கு ஊரில் இன்னொரு பெயரும் இருந்தது. பாதி.

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றேன். அப்பா கல்குவாரியில் காலை உடைத்துக்கொண்டு படுத்த சமயம். அம்மா என்னைப் பள்ளிக்கூடம் போகத்தான் சொன்னார். நான்தான் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் என்ன ஆகிறதோ என்று தவித்து, மத்தியான மணியடித்ததும் ஓடிவந்துவிடுவேன். ஒருநாள் திரும்பிப் போகவில்லை. அப்புறம் டைப்ரைட்டிங் போனேன். இடது கை விரல்களோடு படிப்பு நின்றது. கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் தொண்டை கட்டிவிடுமோ என்று பயந்து நின்றுவிட்டேன். ரயில்வே வேலைக்கு உடல் தகுதிப் பரிசோதனை வரிசையில் நின்று, என் முறை வர இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்தேன்.

கடைசியாக இந்தப் பந்தயம். முந்தின வருஷம் அக்காவைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். சிவப்புத் துணி கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை போனேன். காலில் ஏதோ தாமரைத் தண்டு சுற்றியது. அதுதான் முடிவு என்று நினைத்துவிட்டேன். காவலுக்காக லாரி டியூப்பில் மிதந்துகொண்டிருந்த மீன்காரரைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். அக்கா துண்டைத் தலையில் போட்டுத் துடைத்துவிட்டாள்.

"பாதியிலயே வந்துட்டான்டா" என்று கரையில் ஒருவர் சொன்னார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சொன்னவர் ஞானம். அனகாபுத்தூர்க்காரர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆற்றிலேயே வளர்ந்தவர். பிற்பாடு அவர் தங்கையைத்தான் நான் கட்டினேன்.

பெண் பார்க்கப் போன அன்று நான் காப்பி டம்ளரைக் கீழே வைக்கப் பயந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே எஸ்தர் அண்ணனைக் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"இவருதான் அந்தப் பாதியா?"

"ஆமா. நல்ல பையன். கொஞ்சம் பயப்படுவாரு."

"எவ்ளோ?"

"அதான் பாதின்னு சொல்றனே."

கல்யாணத்தன்று மோதிரம் மாற்றி முடிகிறவரை ஞானம் மச்சான் கோவில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாராம், நான் நடுவில் எழுந்து ஓடிவிடக் கூடாதென்று. வேடிக்கைக்குச் சொன்னதா, நிஜமா, இன்றுவரை தெரியாது.

அவரேதான் எனக்கு நீச்சல் சரியாகச் சொல்லிக்கொடுத்தவரும். மழைக்கால முடிவில் அடையாற்றில் தண்ணீர் இருக்கும்போது, ஞாயிறு மத்தியானங்களில். ஆற்றின் மேல்பக்கத்தில் தறிக்காரர்கள் சாயநூலை அலசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாயத்தில் சில நாள் நான் ஒரு காது சிவப்பாக வீடு வருவேன். கோவிலுக்குப் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் எனக்குக் கப்பு ஆசையெல்லாம் கிடையாது. எடுத்த காரியம் ஒன்று, ஒன்றே ஒன்று, முழுதாக முடியவேண்டும். கடைசியாக வந்தாலும் சரி. எஸ்தரிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முதல்நாள் ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு மட்டும் திரும்பிப் பாக்காதீங்க" என்றாள்.

சிவப்புத் துணி

மாஸ்டர் விசிலடித்தார். தண்ணீரில் இறங்கிய உடனே மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே வர மறுத்தது. கையைப் போட்டேன். முன்னால் தெறித்துக்கொண்டு போன கால்களெல்லாம் சீக்கிரம் தூரமாகிவிட்டன. ஞானம் மச்சானுடைய தலை எங்கே என்றே தெரியவில்லை.

கொஞ்ச தூரம் நீந்துவேன், இடுப்பில் கைவைத்துச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மறுபடி நீந்துவேன், மறுபடி பார்ப்பேன். நாடாவைத் தொட்டு, நுனியைப் பிடித்து லேசாக இழுத்து, சரி, இருக்கிறது.

அதே இடம் வந்தது. அதே லாரி டியூப். அதே மீன்காரர், வாயில் பீடியோடு.

"இன்னாபா, ஏறிக்கிறியா? போன தபா மாரி?"

"வேணாம்ணா."

"நெசமாவா? எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மாதான் குந்திகினு கீறேன்."

"நெசமாத்தாண்ணா."

"அப்ப பேசாத. வாய்ல தண்ணி பூந்துரும். போ."

போனேன். சிவப்புத் துணி பக்கத்தில் வந்தது, பெரிதானது. கிழிந்த பாவாடைத் துணி என்று அப்போதுதான் தெரிந்தது. மூங்கிலைத் தொட்டுச் சுற்றினேன். அந்த மூங்கிலுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் வாயில் தண்ணீர் புகுந்தது.

திரும்பும்போது கரையில் நின்ற கூட்டத்தில் எஸ்தரைத் தேடினேன். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். பிறகு ஒரு துண்டு மட்டும் அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கை இடுப்புக்குப் போனது

கரையேறினேன். கால்கள் சேற்றில் அழுந்தின. எனக்குப் பின்னால் வர ஒருவரும் இல்லை. முன்னால் போனவர்களின் சைக்கிள்கள் கிளப்பிய புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. இருந்தும் மனசு துள்ளியது. எஸ்தர் துண்டை நீட்டினாள். கை இடுப்புக்குப் போனது.

நாடா இருந்தது. சாவி இல்லை.

டவுசரை உதறினேன். சேற்றில் குனிந்து தடவினேன். ஏரியைத் திரும்பிப் பார்த்தேன். அது ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. காலையில் மரத்துப்போன கை தானாகப் போட்டது பேக்கரி முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற முடிச்சு. சாவி பத்திரமாக இருக்கிறதா என்று ஏரி முழுக்க நானே இழுத்து இழுத்துப் பார்த்து, நானே அவிழ்த்து விட்டிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "முடிஞ்சுது" என்றேன். பின்சக்கரம் பூட்டியபடி நின்றது.

எஸ்தர் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தாள். குனிந்து பூட்டில் போட்டுத் திருகினாள். பூட்டு டக்கென்று விட்டுக்கொடுத்தது.

"இது எப்படி உங்கிட்ட?"

"அரிசி டப்பாவுல இருந்துச்சி."

அந்தப் பூட்டு வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள். திருடன் கையில் சிக்கக் கூடாதென்று ஒன்றை அரிசி டப்பாவின் அடியில் போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"அரிசிய தெனம் அளக்கறவளுக்குத் தெரியாதா? ஏறுங்க."

"எஸ்தரு, அந்தக் கொத்துல வூட்டுச் சாவியும் இருந்துச்சே."

"அத அப்பறம் பாத்துக்கலாம். ஏறுங்க மொதல்ல."

சட்டையைத் தலைவழியாக மாட்டி என்னை சீட்டில் ஏற்றி, ஒரு தள்ளும் தள்ளிவிட்டாள். மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். கரையாள் தள்ளிவிடக் கூடாது என்பது சட்டம். அவர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்

ரயில்வே கேட்டுக்கு ஆண்டவர்தான் கேட்கீப்பரை அனுப்பியிருக்கவேண்டும். நான் கேம்ப் ரோட்டிலிருந்து வந்து சேரும்போது கேட் மூடியிருந்தது. அங்கே எனக்கு முன்னால் போனவர்களில் பாதிப் பேர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஞானம் மச்சானும் இருந்தார்.

"மாப்ள" என்றார், கண்ணை அகல விரித்து. "தண்ணிய தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

"டியூப்பு?"

"இல்ல. நானேதான்."

அவர் கையை நீட்டி என் முழங்காலை ஒருதரம் தட்டினார். கடற்கரை போகிற மின்சார ரயில் கடந்தது. கேட் பாதி தூக்கும்போதே எல்லோரும் பறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான் மறுபடி தனியாகிவிட்டேன்.

தனியாக என்று சொல்வது தப்பு. பெருங்களத்தூர் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டை எட்டும் வரை பாதி வழி என்னுடைய ரொட்டித் தெருக்கள்தான். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள். காணும் பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில்.

"ரொட்டிக்காரரே, இன்னிக்கு வரமாட்டேன்னீங்க?"

"வரலம்மா, இது பந்தயம்."

"அப்ப நாளைக்கு ரெண்டு பன்னு சேத்து."

"சரிம்மா."

ஒரு டீச்சரம்மா கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "முந்தாநாள் ரொட்டி கல்லு மாதிரி இருந்துதே" என்று என்னோடு நாலு எட்டு ஓடிவந்தார். "மாத்தித் தர்றேம்மா" என்றேன், மிதித்துக்கொண்டே. "இப்ப வேணாம், நீங்க ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று பின்னாலிருந்து கத்தினார்.

பெயர் தெரியாத எத்தனையோ பேர் அன்று கைகாட்டினார்கள். பெட்டி இல்லாமல் சைக்கிள் லேசாக இருந்தது. பெருங்களத்தூர் வரை எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பயமும் இல்லை என்று எழுத ஆசை. செயின் கழன்றுவிடுமோ என்று கொஞ்சம் இருந்தது.

வாசற்படி

மைதானத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். தொடை இரண்டும் என்னுடையவை இல்லாத மாதிரி இருந்தன. வெயில் ஏறிவிட்டது. முன்னால் போனவர்கள் எதிரே திரும்பி ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் கடந்து போகும்போது, "இன்னும் போகணுமா?" என்கிற மாதிரி பார்த்தார்கள். ஞானம் மச்சான், "மெதுவா வா மாப்ள" என்று மூச்சுக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டத்தின் சரிபாதியில் எங்கள் தெரு. தெருவில் மூன்றாவதாக எங்கள் வீடு. மாஸ்டர் வேண்டுமென்று செய்ததல்ல. பாதை அப்படி அமைந்துவிட்டது.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டைப் பார்த்தேன். உள்ளே மண்பானைத் தண்ணீர் இருக்கிறது, பாய் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் முகம் காட்ட வேண்டாம். "கால் பிடிச்சிக்கிச்சி" என்று சொன்னால் யாரும் இல்லையென்று சொல்லப்போவதில்லை. அது பொய்யும் இல்லை. முதல்நாள் வரை என் வாழ்க்கை முழுக்க இப்படி ஒரு கதவு எனக்குத் திறந்தே இருந்தது.

ஓட்டத்தை நிறுத்தினேன். படியேறி, பழக்கத்தில் இடுப்பில் கைவைத்தேன்.

பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை இழுத்துச் சரிபார்த்த பூட்டு. இழுத்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தேன். மாற்றுச் சாவி ஒன்று உண்டு. அதைக் கூடத்துச் சுவரில் இயேசு படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு உள்ளே. அந்த நிமிஷம் வரை அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்திருந்தது.

படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக் கமலாக்கா வாசலில் கரும்புத் தோகையை அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னாப்பா, எல்லாரும் அப்பவே போய்ட்டாங்களே."

"கால் பிடிச்சிக்கிச்சிக்கா."

"உள்ள போய் படு."

"சாவி ஏரியில போச்சு."

கமலாக்கா கொஞ்ச நேரம் என்னையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். பாதியைக் குடித்தேன். மீதியை அவரே என் காலில் ஊற்றி, "நீட்டு" என்று கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்துவிட்டார்.

"எஸ்தர் எங்க?"

"கிரவுண்டுல. கரையாளுங்கள எல்லாம் லாரியில இட்டுகினு போயிருப்பாங்க."

"அப்ப அங்கதான போவணும் நீ? இங்க குந்திகினு இன்னா பண்ணப் போற?"

யோசித்துப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. போவதற்கு வேறு இடமே இல்லை.

எழுந்து தெருமுனை வரை போய், ஓட்டக்காரர்கள் திரும்ப வேண்டிய இடமென்று அங்கே நட்டிருந்த கொடியைத் தொட்டுத் திரும்பினேன். முதலில் நொண்டினேன். பிறகு நடந்தேன். முடிச்சூர் ரோட்டில் ஏறியதும், எப்படியோ, ஓட்டம் மாதிரி ஒன்று வந்தது.

கோடு

மைதானத்துக்குள் நுழைந்தபோது பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சுண்ணாம்புக் கோட்டைக் காணவில்லை. அத்தனை பேர் மிதித்ததில் கரைந்துபோயிருந்தது.

முதலில் ஞானம் மச்சான்தான் பார்த்தார். "டேய், பாதி வர்றான்டா" என்றார்.

மாஸ்டர் எழுந்தார். கோடு இருந்த இடத்தைக் கொஞ்சம் தேடினார். பிறகு ஷூ முனையால் மண்ணைக் கீறிக்கொண்டே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தார். எனக்காக ஒரு கோடு போட்டார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு, முதலாவதாக வருகிறவனுக்குக் காத்திருக்கிற மாதிரியே நின்றார்.

பந்தலடியில் நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். தோளில் அதே துண்டு. ஏரியில் நான் இறங்கியதிலிருந்து அவள் உட்காரவே இல்லை என்று மச்சான் பிறகு சொன்னார். லாரியில்கூட கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தாளாம். தண்ணீரில் இருக்கும் வரைதான் சட்டம் என்று யாரோ சொன்னதற்கு, "அவரு இன்னும் வரலையே" என்றாளாம்.

கோட்டைத் தாண்டினேன். விசில் சத்தத்தில் ஆடுகள் ஓடின.

எஸ்தர் வந்து துண்டை என் தலையில் போட்டுவிட்டு, அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காலைத் தேய்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அந்தப் பந்தயம் நடந்தது. ஏரியில் தண்ணீர் இருந்த வரைக்கும். நான் எல்லா வருஷமும் இறங்கினேன், எல்லா வருஷமும் முடித்தேன். ஒருதரம் கடைசிக்கு முந்தினவனாகக்கூட வந்தேன். ஊரில் பாதி என்று கூப்பிடுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மாஸ்டரும் மீன்காரரும் கமலாக்காவும் இன்றில்லை. அவர்களுக்கு நான் நேரில் சொல்லாமல் விட்ட நன்றியை இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். தெரு நெருங்க நெருங்க எனக்குக் கவலை வந்துவிட்டது.

"பூட்ட ஒடைக்கணும். ஆசாரி இன்னிக்கு இருப்பாரா?"

எஸ்தர் முன்னால் போனாள். படியேறி, முந்தானையின் இன்னொரு முனையை அவிழ்த்தாள். சாவியைப் போட்டுத் திறந்தாள்.



"அது படத்துக்குப் பின்னாடில்ல இருந்துச்சி?"

"படத்த யாரு தொடைக்கிறது?"

"அப்ப ஏரிக்கரையிலயே இருந்துச்சா உங்கிட்ட?"

"இருந்துச்சி."

"நான் கேட்டனே, வூட்டுச் சாவியும் போச்சேன்னு. ஏன் குடுக்கல?"

அவள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"குடுத்திருந்தா வூட்டுக்கு வந்திருப்பீங்க" என்றாள்.